முன்னால் நடந்த ஆயர்

ஜனவரி 30 என்றால் எல்லோருக்கும் காந்தி நினைவு நாள். எனக்கு அன்றைக்கு இன்னொருவரும் நினைவுக்கு வருவார். 1998-ல் அதே தேதியில் லண்டனில் காலமானவர் பேராயர் லெஸ்லி நியூபிகின். 1965-லிருந்து 1974 வரை நம் சென்னைப் பேராயத்துக்குப் பேராயராக இருந்தவர். இறக்கும்போது 88 வயது.

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் சென்னையை விட்டுப் போனபோது நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் ஊழியத்தில் உனக்கு வழிகாட்டி யாரப்பா என்று யாராவது கேட்டால் அவர் பெயர்தான் முதலில் வாயில் வரும். செமினரியில் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் மரியாதை உண்டு. என்னைக் கையைப் பிடித்து நடத்திய மூத்த ஆயர்களும் உண்டு. ஆனால் காலையில் எழுந்து தண்டையார்பேட்டைத் தெருவில் இறங்கும்போது, இங்கே நான் எதற்காக இருக்கிறேன் என்று புரியவைத்தவர் அவர். ரொம்ப நாளாக இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஒரு பெரியவர் இருந்தார். ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். நான் இங்கே மாற்றலாகி வந்த புதிதில், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி வாசலில் வந்து நின்றார்.

"ஐயரே, எனக்குத் திடப்படுத்தல் குடுத்தது யாரு தெரியுமா? நியூபிகின் பிஷப்பு. வெள்ளக்காரரு. ஆனா தமிழ்லதான் பேசுவாரு. இப்ப இருக்கிற பசங்களவிட நல்லா பேசுவாரு."

அடுத்த வாரம் ஒரு பையில் மெல்லிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாதக் காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. உள்ளே தாள் பழுப்பேறி, ஓரமெல்லாம் பொடிந்துகொண்டிருந்தது. 'தி குட் ஷெப்பர்ட்', சி.எல்.எஸ். வெளியீடு. முன்பு இங்கே இருந்த ஆயர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது அவரிடம் விட்டுப்போனதாம்.

"எனக்கு இங்கிலீஷு அவ்ளோ வராது. நீங்க படிங்க. படிச்சிட்டு எங்களுக்குச் சொல்லுங்க, அது போதும்."

அந்தப் புத்தகத்தில் அச்செழுத்தைவிட என்னை முதலில் இழுத்தது ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்து. பெயர் தெரியாத அந்த ஆயர் பக்கத்துக்குப் பக்கம் தமிழில் குறிப்பு எழுதியிருந்தார். ஓரிடத்தில் அடிக்கோடு, பக்கத்திலேயே "கொருக்குப்பேட்டையில் இதைச் செய்யலாம்". இன்னோரிடத்தில் பிரசங்கத்துக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரு பட்டியல்: "ரெய்னி 2 பேர், ஸ்டான்லி 1, பெரியம்மா வீட்டில் ஜெபம்". ஆஸ்பத்திரியில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குக் கையில் கிடைத்த தாளில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பேராயரின் பேச்சும் ஒரு ஆயரின் அன்றாட வேலையும் ஒரே பக்கத்தில் இருந்தன. அதைப் பார்த்ததும் இதை விடாமல் படித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் புத்தகம் பிறந்த விதமே அழகு. நியூபிகின் பேராயராக இருந்த காலத்தில் சென்னை நகரத்து ஆயர்களையும் முழுநேர ஊழியர்களையும் மாதம் ஒருமுறை கூட்டி உட்காரவைத்துப் பேசுவார். வேதத்தில் ஒரு பகுதி, அதைப் பிடித்துக்கொண்டு ஆயர் வேலையைப் பற்றி ஒரு சிறு பேச்சு. அந்தப் பேச்சுகள்தான் 1974-ல் இங்கே புத்தகமாகி, 1977-ல் இங்கிலாந்திலும் வெளிவந்தன. உலகத் திருச்சபை மாமன்றத்தில் பெரிய பொறுப்பில் இருந்துவிட்டு வந்த மனிதர் அவர். அவருக்கு இருந்த அழைப்புகளுக்கு மாதம் ஒரு கண்டத்தில் பேசியிருக்கலாம். ஆனால் சென்னையின் ஆயர்களோடு உட்கார நேரம் ஒதுக்கினார். சம்பளம் குறைவு, கமிட்டிச் சண்டை அதிகம், காலையில் சாவு வீடு, மாலையில் கல்யாண வீடு என்று ஓடுகிறவர்கள் அந்த ஆயர்கள். அவர்கள் காய்ந்துபோய்விடக் கூடாது என்று அவர் கவலைப்பட்டது ஒவ்வொரு பேச்சிலும் தெரிகிறது.

அவர் யார் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1909 டிசம்பர் 8-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பிறந்தார். அதுவும் நம்மூர் மாதிரித் துறைமுகமும் நிலக்கரியும் உள்ள ஊர். அப்பாவுக்குக் கப்பல் வியாபாரம். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது ஒரு விடுமுறையில் தெற்கு வேல்ஸுக்குப் போய், வேலை இழந்து கிடந்த சுரங்கத் தொழிலாளர்கள் மத்தியில் குவேக்கர்கள் நடத்திய சேவை மையத்தில் வேலை செய்தார். அப்போது அவருக்குப் பெரிய விசுவாசம் எதுவும் கிடையாது. அந்த மனிதர்களுக்குக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று நொந்துபோய்ப் படுத்திருந்த ஓர் இரவில், வானத்துக்கும் பூமிக்கும் நடுவே நிற்கும் சிலுவையைக் கண்டதாகப் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். அவருடைய அழைப்பு அங்கேதான் தொடங்குகிறது, வேலை இல்லாதவர்கள் நடுவில். பின்னி மில் மூடிய கதையையும் மூடிக் கிடக்கும் கம்பெனி வாசல்களையும் தினமும் கேட்டும் பார்த்தும் வளர்கிற வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1936-ல் மனைவி ஹெலனோடு ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாகச் சென்னை வந்தார். ஹெலனின் பெற்றோரும் இந்தியாவில் மிஷனரிகளாக இருந்தவர்கள். வந்த கொஞ்ச நாளிலேயே பஸ் விபத்தில் கால் நொறுங்கிப்போனது. பல ஆபரேஷன்கள். ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. இதோடு சரி, இந்தியா நமக்கு ஒத்துவரவில்லை என்று அவர் இருந்திருக்கலாம். 1939-ல் திரும்பி வந்தார், காஞ்சிபுரத்துக்கு.

காஞ்சிபுரத்தில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாராவாரம் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து படிப்பார். ஒரு வாரம் உபநிடதம், மறு வாரம் யோவான் சுவிசேஷம். வாதத்தில் ஜெயிப்பதற்காக அவர் அங்கே போகவில்லை. அதே நேரம் தன் விசுவாசத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டும் போகவில்லை. மடத்தின் கூடத்தில் உலகத்தின் சமயப் பெரியவர்கள் படங்களோடு இயேசுவின் படமும் இருக்கும். கிறிஸ்துமஸ் அன்று அதற்கு வழிபாடு நடக்கும். நல்லெண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் அங்கே இயேசு ஏற்கெனவே போட்டுவைத்த ஒரு வரிசையில் இன்னொருவராக மட்டும் இருக்கிறார், அந்த வரிசையை அவர் கேள்வி கேட்பதில்லை என்று நியூபிகின் கவனித்தார். அதைவிட முக்கியம், பல வருடம் கழித்து ஊர் திரும்பியபோது ஐரோப்பாவும் அதையேதான் செய்கிறது, தன் வசதிக்கேற்ற இடத்தில் இயேசுவை மாட்டி வைத்திருக்கிறது என்று எழுதினார். காஞ்சிபுரத்தில் தரையில் உட்கார்ந்து கற்ற பாடத்தைக் கொண்டுபோய் ஐரோப்பாவுக்குப் போதித்தவர் அவர். தமிழ்நாட்டுச் சபைகளில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இன்னும் நமக்குத் தெரியவில்லை.

1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒன்றான நாள். அன்று மதுரை-ராமநாதபுரத்துக்குப் பேராயராக அவரை ஏற்படுத்தினார்கள். வயது 37. 1959-ல் உலக மிஷனரி மன்றத்தின் பொறுப்புக்காக வெளிநாடு போனார். ஆறு வருடம் கழித்து, 1965-ல், சென்னைப் பேராயராகத் திரும்பி வந்தார். மற்ற விவரமெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. நான் அந்தச் சென்னையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் வந்த காலத்தில்தான் நம்ம பக்கம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப். எல்லாம் ஏற்கெனவே வந்தாயிற்று. மணலியில் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது, அதற்கடுத்து உரத் தொழிற்சாலை. செங்கல்பட்டு, வட ஆற்காடு, நெல்லூர்ப் பக்கமிருந்து ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு வந்து பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் ரயில்வே லைன் ஓரத்திலும் குடிசை போட்டார்கள். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது 1970-ல். இப்படி ஒரு நகரத்துக்குள் பேராயராக வந்தவர் ஆயர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சபை தன் அங்கத்தினர்களுக்காக மட்டும் இருக்கிற இடம் கிடையாது, அது நிற்கிற தெருவுக்காக இருக்கிறது.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். தண்டையார்பேட்டையில் ஆயராக இருந்து பாருங்கள், இது எவ்வளவு கஷ்டமான போதனை என்று தெரியும். எங்கள் சபையின் பழைய குடும்பங்களில் பாதிப் பேர் இப்போது மாதவரம், கொளத்தூர், அம்பத்தூர் என்று போய்விட்டார்கள். ஞாயிறு காலை காரில் வருவார்கள், ஆராதனை முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தாத்தா பாட்டியைப் புதைத்த சபை என்று இவ்வளவு தூரம் வருகிறார்களே, அது பெரிய விஷயம். ஆனால் சபைச் சுவரை ஒட்டி இருக்கிற ஹவுசிங் போர்டு வீடுகளில் இருப்பவர்களுக்கு எங்களைத் தெரியாது. எங்களுக்கும் அவர்களைத் தெரியாது. கமிட்டி மீட்டிங்கில் மூன்று மணி நேரம் டைல்ஸ் கலரைப் பற்றிப் பேசுவோம், கேட்டுக்கு வெளியே தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசையாக நிற்கும். இதைப் பார்த்தால் நியூபிகின் நிச்சயமாகக் கோபப்பட்டிருப்பார். எனக்கும் கோபம் வருகிறது.

ஆயர் என்றால் யார் என்பதற்கு அவர் எழுத்தில் ஒரு சித்திரம் வரும். பசோலினி என்ற இத்தாலிய இயக்குநர் 1964-ல் மத்தேயு சுவிசேஷத்தைப் படமாக எடுத்தார். அதில் இயேசு சீடர்களுக்கு முன்னால் வேகவேகமாக நடந்துபோவார். பேச வேண்டியதைத் தோளுக்கு மேலாகத் திரும்பிச் சொல்லிக்கொண்டே போவார். சீடர்கள் பயந்துகொண்டு, தடுக்கி விழுந்து எழுந்து பின்னால் வருவார்கள். நியூபிகினுக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்துப்போயிருக்கிறது. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுகிற தளபதியின் வேலை வேறு, ஆயர் வேலை வேறு. ஆயர் முதலில் ஒரு சீடர். தனக்கு முன்னால் போகிறவரைப் பின்பற்றி நடக்கிறவர். அப்படி அவர் நடக்கிறதைப் பார்த்துத்தான் சபை பின்னால் வரும்.

இதைப் படித்த பிறகு எனக்கு வீடு சந்திப்பே மாறிப்போனது. முன்பெல்லாம் லிஸ்ட் எடுத்துக்கொண்டு அங்கத்தினர் வீடுகளுக்கு மட்டும் போவேன். இப்போது ஒரு வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற வீடுகளையும் பார்க்கிறேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் நின்று பேசுகிறேன். "இன்னா பாஸ்டர், இன்னிக்கு யார் வூட்டுக்கு?" என்று கேட்பார். "உங்க வீட்டுக்குத்தான் ஆயா" என்று உட்கார்ந்துவிட்டால் அவருக்கு ஆச்சரியம். மகன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான், மூன்று நாளாக எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் க்யூவில் நிற்கிறான், பேத்திக்கு டெங்கு என்று ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் போகும். ஜெபிக்கலாமா என்று கேட்டால் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வார். அவர் எங்கள் சபை கிடையாது. இனிமேலும் வருவாரா தெரியாது. அந்தத் தெருவில் அவரும் என் பொறுப்புதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நியூபிகின் சொன்ன இன்னொன்றை இங்கே இன்னும் நாங்கள் சரியாகத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நிற்பவரைவிட, திங்கள் முதல் சனி வரை வேலைக்குப் போகிறவர்கள்தான் உலகத்தில் சபையின் ஊழியத்தைச் செய்கிறவர்கள் என்பார். ஆகவே ஒரே தொழிலில் இருக்கிற விசுவாசிகள் தனியாகக் கூடி, தங்கள் வேலையில் வருகிற நியாய அநியாயங்களை மனம் விட்டுப் பேச வேண்டும்; ஆயர் அங்கே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஹார்பரில் வேலை செய்கிறவர்கள், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற பெண்கள், ஸ்டான்லியில் நைட் ஷிப்ட் நர்ஸுகள், லாரி டிரைவர்கள் எல்லாருமே நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பற்றி அவர்களிடம் நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? வாலிபர் சங்கம், பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு என்று வயதாலும் பாட்டாலும்தான் பிரித்து வைத்திருக்கிறோம். ஏலத்தில் எடை குறைப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதா வேண்டாமா என்று தவிக்கிற ஒரு அக்காவுக்கு நம் பெண்கள் ஐக்கியத்தில் பேச இடம் இல்லை.

அவருடைய கதைகளில் நான் பிரசங்கத்தில் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. சென்னைப் பேராயத்தில் ஒரு கிராமம். ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊருக்குள் நுழைய இரண்டு வழி. பேராயர் வருகிறார் என்று சபையார் ஒரு முனையில் மாலை, மேளம், வெடி எல்லாம் தயாராக வைத்துக் காத்திருக்கிறார்கள். இவர் தெரியாமல் மறுமுனை வழியாக வந்துவிட்டார். அங்கே நாலு ஆடும் கோழியும்தான். ஊருக்கே பதற்றம்! இவர் கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ள, ஆள் ஓடிப்போய்ச் சொல்ல, காத்திருந்த அத்தனை பேரும் அப்படியே திரும்பி இந்தப் பக்கம் முகம் வைத்து நின்றார்கள். பிறகு இவர் வந்தார், மாலை போட்டார்கள். மனந்திரும்புதல் என்று இயேசு சொன்னது இதைத்தான் என்பார் நியூபிகின். தேவன் வந்துகொண்டிருக்கிறார், நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், திரும்பினால் பார்க்கலாம். பாவப் பட்டியல் போட்டு ஜனங்களைக் குறுக வைக்கிற பிரசங்கங்களையே கேட்டு வளர்ந்த எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. மேளத்தோடு திரும்பி நிற்கிற ஊரைப் போல மனந்திரும்புதல் ஒரு சந்தோஷக் காரியம் என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை.

1974-ல் ஓய்வுபெற்றார். ஊருக்குப் போன விதத்தைக் கேளுங்கள். 64 வயதில் அவரும் ஹெலன் அம்மாவும் இரண்டு சூட்கேஸ், ஒரு தோள்பையோடு சென்னையிலிருந்து கிளம்பி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக, கிடைத்த பஸ்களில் ஏறி ஏறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். துருக்கியில் கப்பதோக்கியா வந்தபோது ஞாயிற்றுக்கிழமை. ஒரு காலத்தில் திருச்சபையின் பெரிய இறையியலாளர்கள் வாழ்ந்த பூமி அது. சேர்ந்து ஆராதிக்க அங்கே ஒரு கிறிஸ்தவரும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் தனியாக ஆராதித்தார்கள். சபை ஒரு இடத்திலிருந்து அடையாளமே இல்லாமல் போய்விட முடியும் என்பதை அவர் அங்கே கண்ணாரப் பார்த்தார்.

இங்கிலாந்தில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்களாம்: இந்தியாவிலிருந்து வந்து இங்கே வாழ்வதில் எது ரொம்பக் கஷ்டம்? நம்பிக்கை காணாமல் போயிருப்பதுதான் என்றார். 1983-ல் வந்த ஒரு சிறு நூலின் தொடக்கத்தில் இதை எழுதியிருக்கிறார். சென்னையின் மிக மோசமான குடிசைப் பகுதியில்கூட, இதைச் சரி பண்ணிவிடலாம் என்ற நம்பிக்கை எப்போதும் இருந்தது என்கிறார். இராப்பள்ளி தொடங்கலாம், குடிதண்ணீருக்காகப் போராடலாம், வாலிபர் முன்னேற்றச் சங்கம் வைக்கலாம். வசதியான இங்கிலாந்தில் அது இல்லையே என்று வருந்துகிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வடசென்னை என்றாலே கத்தி, ரவுடி, குப்பை, கறுப்புப் புகை என்று சினிமாவும் செய்தியும் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒரு மனிதர் எங்களைப் பார்த்துவிட்டுப் போய், அங்கே நம்பிக்கை இருந்தது, எங்களுக்கு அது இல்லை என்று ஐரோப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன மூன்றையும் நான் இன்றைக்கும் பார்க்கிறேன். சந்துக்குச் சந்து ஏதாவது ஒரு நற்பணி மன்றத்தின் போர்டு இருக்கிறது; அதன் கீழே கேரம் போர்டு, பக்கத்தில் மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன். 2013-ல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போகும் எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டு போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். அன்றைக்கு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் முன்னால் போய் நின்ற அம்மாக்களில் எங்கள் சபையாரும் உண்டு. அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மோந்து பாருங்க சார்னு மூஞ்சிக்கு நேரா நீட்னேன் ஐயரே. பின்ன, நம்ம கேக்கலைன்னா யாரு கேப்பா?" 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கைகளால் அள்ளிய மீனவர்களையும் இந்த நம்பிக்கையோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். இதையெல்லாம் ஊழியம் என்று அழைக்க எனக்குத் தைரியம் கொடுத்தவர் நியூபிகின்.

அவர் சொன்னதெல்லாம் போதும் என்று நான் நினைக்கவில்லை. தலித் இறையியல் ஒரு வலுவான குரலாக எழுந்தது 1980-களில், அதற்குள் அவர் ஊர் திரும்பியிருந்தார். நம் சபைகளுக்குள்ளேயே இருக்கும் சாதியை நேருக்கு நேர் பேசுவதற்கு, 1990-களில் சென்னைப் பேராயராக இருந்த மாசிலாமணி அசரியா போன்றவர்களிடம்தான் பாடம் கேட்க வேண்டும். வடசென்னையில் ஆயராக இருப்பவருக்கு இரண்டு பேரும் வேண்டும். ஒருவரைப் படித்துவிட்டு மற்றவரை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நியூபிகினின் கடைசிக் காலம்தான் என்னை அவரிடம் முழுதாக ஒப்புக்கொடுக்க வைத்தது. பர்மிங்ஹாமில் சில வருடம் மிஷனரிகளுக்குப் பாடம் நடத்தினார். அதற்குப் பிறகு, 1980-ல், 70 வயதில், வின்சன் கிரீன் என்ற பகுதியில் ஒரு சின்னச் சபையைப் பொறுப்பேற்றார். பெரிய சிறைச்சாலையை ஒட்டிய, ஏழைகள் வாழும் தொழிற்பகுதி. சுமார் இருபது அங்கத்தினர்கள். மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, இப்படிப்பட்ட இடங்களை விட்டு ஓடுகிற சபை தன்னை மிஷனரி சபை என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று வாதாடி, சரி நானே பார்க்கிறேன் என்று ஏற்றுக்கொண்டார். இரண்டு பேராயங்களை ஆண்டவர், உலகத்தின் பெரிய மாநாடுகளில் பேசியவர், வீடு வீடாகக் கதவைத் தட்டினார். இந்தியாவில் சந்தித்த எதையும்விட இது கடினம் என்றார். எதிர்ப்பைத் தாங்கலாம், அலட்சியத்தைத் தாங்க முடியவில்லை என்பது அவர் அனுபவம். அந்தத் தெருக்களில் அவரை முகம் மலர உள்ளே அழைத்து உட்காரவைத்தவர்கள் ஆசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள். அங்கே எட்டு வருடம் இருந்தார். உலகம் முழுவதும் இன்று இறையியல் மாணவர்கள் படிக்கும் அவருடைய பெரிய நூல்கள் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வந்தன. பன்மைச் சமுதாயத்தில் சுவிசேஷம் பற்றிய நூல் 1989-ல் வந்தது. சுவிசேஷத்தை ஜனங்கள் ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு அதில் அவர் தருகிற பதில், அதை நம்பி அதன்படி வாழ்கிற ஒரு சபைதான் என்பது. இருபது பேர் உள்ள சபைக்கு ஆயராக இருந்தவர் இதைச் சொன்னதால் நான் நம்புகிறேன்.

கடைசி வருடங்களில் கண்பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. லண்டனில் மாணவர்கள் வந்து அவருக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவார்கள். வாசிக்க வந்த பிள்ளைகளுக்கு அது எப்பேர்ப்பட்ட வகுப்பாக இருந்திருக்கும்! படிக்க முடியாத நிலையிலும் இளைஞர்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். சென்னையில் மாதாமாதம் செய்ததைத்தான் அங்கேயும் செய்தார்.

இப்போது நம் ஆயர்களை யார் இப்படிக் கூட்டி உட்காரவைக்கிறார்கள்? கூட்டங்களுக்குக் குறைவில்லை. சுற்றறிக்கை வருகிறது, கணக்கு கேட்கிறார்கள், தேர்தல் வந்தால் எல்லோரும் போன் பண்ணுகிறார்கள். ஆனால் ஒரு இளம் ஆயர் அழுதால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. என்னோடு படித்தவர்களில் சிலர் ஊழியத்தை விட்டே போய்விட்டார்கள். அவர்கள் விசுவாசம் குறைந்து போகவில்லை, தனிமையில் போனார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கிறது.

புத்தகம் கொடுத்த பெரியவர் இப்போது இல்லை. காசிமேடு கல்லறையில் அடக்கம் பண்ணினோம். "படிச்சிட்டு எங்களுக்குச் சொல்லுங்க" என்று அவர் கேட்டதை அவர் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் புதன்கிழமை வேதபாடத்தில் சொல்லத் தொடங்கியிருந்தேன். அதிலிருந்துதான் இன்னொன்று வந்தது. அக்கம்பக்கத்து ஆயர்கள், பாஸ்டர்கள் சிலர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் எங்கள் சபை ஹாலில் கூடுகிறோம். சி.எஸ்.ஐ., லுத்தரன், இ.சி.ஐ., மாடியில் சபை நடத்துகிற பெந்தெகொஸ்தே பாஸ்டர்கள் என்று எல்லோரும் உண்டு. ஒரு வேதப் பகுதி, நியூபிகினின் ஒரு பேச்சு தமிழில், அப்புறம் டீயும் பொறையும். யாரும் அறிக்கை எழுதுவதில்லை, போட்டோ எடுப்பதில்லை. போன மாதம் கொருக்குப்பேட்டை பாஸ்டர் ஒருவர், வாடகை கட்ட முடியாமல் ஹாலைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று சொன்னார். எங்கள் ஹாலை ஞாயிறு மாலை அவருக்குக் கொடுப்பதா என்று இப்போது எங்கள் கமிட்டியில் பேச்சு நடக்கிறது. கொடுத்துவிடுவோம் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை யோவான் 21 படிக்கிறோம். காலை ஏழு மணி. ஊழியத்தில் இருக்கிற யார் வேண்டுமானாலும் வரலாம், எந்தச் சபையானாலும் சரி. தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். ஒன்பது மணிக்கெல்லாம் முடித்துவிடுவோம், அதற்குப் பிறகு ரெய்னியில் ஒருவரைப் பார்க்கப் போக வேண்டும்.